விழத் தெரிந்தவர்கள்

திரைப்படத்தில் பாடுவதற்கு இரவல் குரல் கிடைக்கும், பேசுவதற்கும் கிடைக்கும். அழத் தெரியாதவருக்குக் கிளிசரின் இருக்கிறது. கிழவரை இளைஞராக்க ஒப்பனைக்காரரால் முடியும். இன்று கணிப்பொறியாலும் முடிகிறது. ஆயினும் ஒற்றைக் காலில் நின்று, மற்றொரு காலை எதிரியின் நெற்றியளவுக்கு உயர்த்தி, அங்கேயே ஒரு கணம் நிறுத்தி, நிலை குலையாமல் கீழே இறக்க வேண்டுமென்றால், அந்தக் கால் பல்லாண்டு பழகிய காலாக இருந்தே தீர வேண்டும். படக்கருவி சற்று விலகி நின்று ஆளைத் தலை முதல் பாதம் வரை முழுமையாகக் காட்டுமானால், அங்கே ஏமாற்று வேலைக்கு இடம் மிகக் குறைவு. நம் மொழியில் உடலுக்கும் உண்மைக்கும் ‘மெய்’ என்ற ஒரே சொல் வழங்குகிறது. அதன் பொருத்தத்தை இலக்கண வகுப்பில் உணர்ந்ததைவிட, மொழி விளங்காத ஓர் ஆங்கிலப் படத்தின் முன் அமர்ந்தபோதே நாம் நன்றாக உணர்ந்தோம்.

அந்தப் படம் ‘என்டர் தி டிராகன்’. 1973 ஆகஸ்டில் அமெரிக்காவில் வெளியானது. வார்னர் பிரதர்ஸ் நிறுவனமும் புரூஸ் லீயின் கான்கார்ட் நிறுவனமும் சேர்ந்து தயாரிக்க, இராபர்ட் குளூஸ் இயக்கினார். செலவு ஏறத்தாழ 8.5 இலட்சம் டாலர். ஆலிவுட் கணக்கில் அது மிகச் சிறிய தொகை. கதையைச் சொல்லப் புகுந்தால் நான்கு வரிக்கு மேல் தேறாது. ஹான் என்னும் கொடியவன் தன் தனித் தீவில் சண்டைப் போட்டி ஒன்று நடத்துகிறான். போட்டியின் மறைவில் போதைமருந்து, பெண் கடத்தல். துப்பறிய லீ என்னும் இளைஞன் அனுப்பப்படுகிறான். அவனுடைய உடன்பிறந்தாள் சாகக் காரணமானவனும் அதே தீவில்தான் இருக்கிறான். ஜேம்ஸ் பாண்டு படங்களில் பார்த்துச் சலித்துப்போன சரக்குத்தான். கதையை எடுத்துவிட்டாலும் இந்தப் படம் நிற்கும். புரூஸ் லீயை எடுத்துவிட்டால் ஒரு சுருள்கூட நிற்காது. சண்டைக் காட்சிகள் அனைத்தையும் வகுத்தவரும் அவரே. ஆனால் படம் அரங்குக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை. 1973 ஜூலை 20 அன்று, 32ஆம் வயதில், மூளை வீக்கத்தால் ஆங்காங்கில் இறந்துபோனார். அமெரிக்க அரசு நிலையாகக் காக்கவேண்டிய படங்களென அமைத்திருக்கும் பட்டியலில் 2004ஆம் ஆண்டு இந்தப் படமும் இடம் பெற்றது.

நாம் இதைப் பார்த்தது எண்பதுகளின் நடுவில். தருமபுரி நகரின் திரையரங்கு ஒன்றில் காலைக் காட்சியாக அது மறுபடியும் வந்திருந்தது. பென்னாகரம் சாலையில் உள்ள நம் சிற்றூரிலிருந்து நால்வர் பேருந்து ஏறினோம். அவர்களில் மூத்தவர் சேலத்தில் புகுமுக வகுப்பு வரை படித்தவர். ஆகவே மொழிபெயர்க்கும் பொறுப்பு அவருடையதாயிற்று. பாதி ஊகம், மீதி துணிச்சல். லீயைத் தீவுக்கு அனுப்பும் பிரிட்டிஷ் அதிகாரியை அவர் கடைசிவரை ‘கலெக்டர்’ என்றே சொல்லிவந்தார். கால்மணி நேரத்திற்குப் பிறகு அவர் மொழிபெயர்ப்பை யாரும் கேட்கவில்லை, தேவையும் இருக்கவில்லை. பின்வரிசையில் கல்லுடைக்கும் தொழிலாளர் சிலர் அமர்ந்திருந்தார்கள். உடலுழைப்பை அறிந்தவர்கள். ஓர் உதையின் எடை என்ன, அதற்கு எத்தனை நாள் பழக்கம் வேண்டும் என்பதை அவர்கள் கண்ணால் அளந்துவிடுவதைப் பார்த்தோம். பாட்டுக்கு விசில் அடிப்பவர்கள் அன்று சண்டைக்கு மூச்சடக்கி இருந்தார்கள்.

இந்தக் கண் ஒரே நாளில் வந்ததன்று. தருமபுரி வட்டாரம் பாரதக் கூத்தின் வட்டாரம். விடிய விடியக் கட்டையும் கிரீடமும் தாங்கிச் சுழன்றாடும் கூத்துக்காரருக்கு மாற்றாள் கிடையாது. கிறுகிறுத்து விழுந்தால் ஊரார் முன்பாகத்தான் விழவேண்டும். மேலும், 1965 அக்டோபர் 2ஆம் நாள் தருமபுரி தனி மாவட்டமாகும் வரை நாமெல்லாம் சேலம் மாவட்டத்தார். சேலத்தில் டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கு மேற்பட்ட படங்களை எடுத்தது. ‘மந்திரி குமாரி’ (1950), ‘சர்வாதிகாரி’ (1951) போன்ற வாட்போர்ப் படங்கள் அங்கே உருவானவை. இன்று ஏற்காடு செல்லும் வழியில் அதன் நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. அந்த வாள்வீச்சுகளைப் பார்த்து வளர்ந்த நம் தந்தையர் தலைமுறை, எம்.ஜி.ஆரின் சிலம்பத்தையும் கத்திச் சண்டையையும் அடி அடியாகப் பிரித்து விவாதிக்கும். எம்.ஜி.ஆர். கதைத்தலைவராக நடித்த முதற்படம் ‘ராஜகுமாரி’ (1947). அதில் தம்மோடு மோதுவதற்குச் சாண்டோ சின்னப்பா தேவரே வேண்டும் என்று அவர் வற்புறுத்தியதாகச் சொல்வார்கள். நட்புக்காக என்று பலரும் இதற்கு விளக்கம் தருவதுண்டு. நட்பும் இருந்திருக்கலாம். தேவரோ உடற்பயிற்சியில் ஊறியவர். அடியை வாங்கத் தெரிந்தவன் எதிரில் இருந்தால்தான் அடிப்பவன் வீரனாகத் தெரிவான் என்பது எம்.ஜி.ஆருக்குத் தெரிந்திருந்தது என்றே நாம் கருதுகிறோம். இந்தக் கருத்தை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம், பின்னால் தேவைப்படும்.

படத்தில் நம்மைக் கட்டிப்போட்ட காட்சிகளுள் முதலாவதில் சண்டையே கிடையாது. தீவுக்குச் செல்லும் படகில் ஒரு முரடன் ஏழைச் சிறுவர்களைத் துன்புறுத்திக்கொண்டு வருகிறான். லீயிடமும் வம்புக்கு வந்து, உன் சண்டை முறை எது என்று கேட்கிறான். சண்டையிடாமல் சண்டையிடும் முறை என்கிறான் லீ. காட்டு பார்க்கலாம் என்று அவன் சீற, இங்கே இடம் போதாது, அந்தத் தீவுக்குப் போவோம் என்று சொல்லிச் சிறு படகில் அவனை இறங்கச் செய்து, தான் ஏறாமலே கயிற்றை நீளவிட்டு, அதன் நுனியை அந்தச் சிறுவர்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறான். அரங்கம் குலுங்கச் சிரித்தது. மொழிபெயர்ப்பாளர் வாய் திறக்கவில்லை. எவனை எவராலும் வெல்லமுடியாது என்று நாம் நம்பத் தொடங்கியிருந்தோமோ, அவன் தேவையில்லாத இடத்தில் கையை ஓங்கவில்லை.

இரண்டாவது, ஓஹாராவுடன் நடக்கும் போட்டி. இருவர் மணிக்கட்டும் ஒன்றையொன்று தொட்டபடி நிற்கின்றன. லீயின் கை போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. எதிராளி மல்லாந்து கிடக்கிறான். இந்த வேகத்தைப் பதிவதற்காகப் படக்கருவியின் ஓட்டத்தையே கூட்ட வேண்டியிருந்தது என்று சொல்வதுண்டு. அந்தச் சண்டையில் ஓஹாரா உடைத்து ஏந்தும் புட்டிகள் மெய்யான கண்ணாடி. உடைவதற்கென்றே செய்யும் போலிப் புட்டிகள் அங்கே கிடைக்கவில்லை. படப்பிடிப்பில் அது லீயின் கையைக் கிழித்தது. ஆனால் நம் நினைவில் நிற்பது அந்த வேகமோ இரத்தமோ அன்று. எதிரியைக் கொன்றுவிட்ட கணத்தில் லீயின் முகம் நெருக்கத்தில், மெதுவாகக் காட்டப்படுகிறது. வெற்றி இல்லை அதில். சினமும் துயரமும் பிரிக்க முடியாதபடி கலந்து அந்த முகத்தை உருக்குலைக்கின்றன. பழிக்குப் பழி என்னும் கதையை நாம் ஏற்பதற்கில்லை. அந்த முகமும் அதை ஏற்றதாகத் தோன்றவில்லை.

இறுதியில் வரும் கண்ணாடி அறையைப் பலரும் புகழ்வர். நமக்கும் பிடிக்கும். ஆயினும் அது படப்பிடிப்பாளரின் திறம், ஆளின் திறமன்று. ஆகவே கடந்து செல்கிறோம்.

புரூஸ் லீ வானத்திலிருந்து குதித்தவரல்லர். தந்தை சீன இசைக் கூத்தின் நடிகர். நம் வழக்கில் சொன்னால் கூத்துக்காரர் வீட்டுப் பிள்ளை. 1940 நவம்பர் 27 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பிறந்து, ஆங்காங்கில் வளர்ந்து, இப் மான் என்னும் ஆசானிடம் விங் சுன் கற்றார். பின்னர் சியாட்டில் நகரப் பல்கலைக்கழகத்தில் தத்துவமும் பயின்றார். 1970இல் பளுவைத் தோளில் ஏந்திப் பயிற்சி செய்தபோது முதுகு நரம்பு அடிபட்டது. இனி உதைக்கவே இயலாது என்றனர் மருத்துவர்கள். மாதக்கணக்கில் படுத்திருந்த காலத்தில் தம் கலையைப் பற்றிக் குறிப்பேடு குறிப்பேடாக எழுதினார். இறந்தபின் 1975இல் நூலாக வந்தது அதுதான். நாம் திரையில் கண்ட ‘தி பிக் பாஸ்’ (1971) முதலான நான்கு படங்களும் அந்த முறிவுக்குப் பின் வந்தவை என்பதை அறிந்தபோது, அவற்றை வேறு கண்ணோடு பார்க்க நேர்ந்தது.

படம் பார்த்த வாரத்திலிருந்து நம் ஊரில் ஒரு மாற்றம் தெரிந்தது. வீட்டில் உலக்கை சிறிதாகத் தொடங்கியது. இரண்டு கட்டைகள், நடுவில் மாட்டுச் சங்கிலி. அதைச் சுழற்றித் தன் மண்டையில் தானே போட்டுக்கொள்ளாத பையன் நம் தெருவில் இல்லை. தருமபுரியில் கராத்தே பயிற்சிக் கூடங்களின் பலகைகள் முளைத்தன. 1983 பொங்கலுக்கு வந்த ‘பாயும் புலி’யில் ரஜினிகாந்த் சீனப் படத்து வழியில் கலை பயின்று பழிதீர்ப்பதைப் பார்த்து, ஏற்கெனவே சூடேறியிருந்த பிள்ளைகள் அவர்கள். பங்குக் கோவில் வளாகத்தில் மாலையில் கைகால் வீசிக்கொண்டிருந்தவர்களைக் கண்டு பெற்றோர் அஞ்சினர். பங்குத் தந்தை ஒரு வாரம் நின்று பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு ஆடுங்கள், சாளரத்துக் கண்ணாடி உடைந்தால் நீங்களே பொறுப்பு என்று மட்டும் சொன்னார்.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. புரூஸ் லீயின் கலை காஞ்சியிலிருந்து போதிதர்மர் எடுத்துச் சென்றது என்று பெருமை பேசுவோர் நம்மிடையே பலர். 2011இல் ‘7ஆம் அறிவு’ வந்தபின் அந்தப் பேச்சு இன்னும் வலுத்தது. போதிதர்மர் தென்னாட்டிலிருந்து சென்றவர் என்று பழைய சீனக் குறிப்பு கூறுவது உண்மை. ஆனால் அவர் சண்டைக்கலை கற்பித்தார் என்னும் செய்தி 17ஆம் நூற்றாண்டு நூல் ஒன்றை ஒட்டிப் பரவியது. அதை வரலாற்றறிஞர்கள் ஏற்பதில்லை. விங் சுன் மரபினரோ தங்கள் கலை ஒரு துறவுப் பெண்மணியிடமிருந்து மற்றொரு பெண்ணுக்கு வந்தது என்று கதை சொல்கிறார்கள். கலையின் பெயரே அந்தப் பெண்ணின் பெயர்தான். எதையும் நம் வீட்டிலிருந்து போனதாகச் சொன்னால்தான் மதிப்போம் என்ற மனப்பான்மை நமக்கு வேண்டாம். நம் வீட்டிலேயே இருப்பதை மதித்தால் போதும்.

படம் பார்த்த நால்வரில் ஒருவனை அந்தப் படம் விடவில்லை. பாலக்கோடு பக்கத்தவன், தந்தை கல் குவாரியில் கூலி. பள்ளியிறுதித் தேர்வு எழுதிய கையோடு சென்னைக்குப் பேருந்து ஏறினான். அவனுக்குச் சிலம்பம் முன்பே கொஞ்சம் தெரியும், பாட்டனாரிடம் கற்றது. வடபழனியில் பல மாதங்கள் தண்ணீர்க்குடம் சுமந்து, சண்டைப் பயிற்சியாளர் ஒருவரின் குழுவில் சேர்ந்து, உறுப்பினர் அட்டையும் வாங்கினான். சண்டை போடுவதை அங்கே யாரும் அவனுக்குக் கற்பிக்கவில்லை. விழுவதைத்தான் கற்பித்தார்கள்.

விழுவது ஒரு கலை என்று அதற்கு முன் நாம் எண்ணியதில்லை. அவன் சொல்லித்தான் அறிந்தோம். பின்புறம் விழும்போது மோவாய் நெஞ்சில் ஒட்டவேண்டும். இல்லையேல் பிடரி தரையில் மோதும். கையை ஊன்றக்கூடாது, ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். உடல் தரையைத் தொடும் நொடியிலேயே முழங்கை முதல் உள்ளங்கை வரை தரையில் அறையவேண்டும். அடி அப்போது ஒரே இடத்தில் இறங்காமல் பரவிவிடுகிறது. ஜூடோவில் முதல் பாடமே இதுதானாம். நம் வடபகுதிக் குடியாத்தத்துக்காரரான ஜூடோ ரத்தினம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களுக்குச் சண்டை அமைத்து, 2023 ஜனவரியில் தொண்ணூறு வயதைக் கடந்து மறைந்தார். ‘பாயும் புலி’க்கும் அவரே. பெயரின் முன்னால் ‘ஜூடோ’ ஒட்டிக்கொண்டதன் பொருள் அன்று நமக்கு விளங்கியது. உயரத்திலிருந்து குதிப்பதற்குக் கீழே காலி அட்டைப் பெட்டிகளை அடுக்கி, மேலே மெத்தை போடுவார்கள். பெட்டிகள் நசுங்கும்போது வேகத்தை வாங்கிக்கொள்ளும். அடுக்கியவனின் கைத்திறமும் குதிப்பவனின் உயிரும் ஒரே கயிற்றில் தொங்குகின்றன.

நண்பன் பதினோராண்டுகள் பணி செய்தான். கதைத்தலைவர்களுக்கு மாற்றாளாகக் குதித்தான். பெரும்பாலும் அவர்களிடம் அடிவாங்கும் அடியாளாக விழுந்தான். நம் ஊர்க் கொட்டகையில் படம் வரும்போது நாம் கூர்ந்து தேடுவோம். லுங்கி கட்டிக்கொண்டு பின்வரிசையில் நிற்பான், இரண்டு நொடி, காய்கறித் தள்ளுவண்டிமேல் விழுந்து மறைவான். ஒரு படத்தில் மாடியிலிருந்து மல்லாந்து விழவேண்டியிருந்தது. அன்றைக்கு நேரம் நெருக்கியதால் பெட்டி அடுக்கில் ஓரம் சரியாகப் பிணைக்கப்படவில்லை. அடுக்கு நழுவியது. குதிகால் எலும்பும் முழங்காலும் நொறுங்கின. அரசு மருத்துவமனையில் இருந்து, பிறகு புத்தூர் கட்டுப் போட்டு, மூன்று மாதம் கழித்து ஊருக்கு வந்தான். கிடைத்த பணம் மருத்துவச் செலவுக்கே சரியாயிற்று. காட்சி படத்தில் இருந்தது. அதை நாம் பார்த்தோம். அரங்கில் எல்லோரும் கைதட்டினார்கள். விழுந்தவன் எழுந்திருக்கவில்லை என்பதை அறிந்தவர் அங்கே நாம் ஒருவரே.

ஔவையார் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற செய்தி தருமபுரிப் பிள்ளைகளுக்குத் தொட்டில் பாட்டு. தகடூர் என்பதே நம் தருமபுரியின் பழம்பெயர். காஞ்சியின் படைக்கொட்டிலில் ஆயுதங்கள் நெய் பூசி, மயிற்பீலி சூட்டி, புதுமை கெடாமல் பளபளத்தனவாம். எங்கள் அரசனுடையவையோ போரில் முனை மழுங்கிக் கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று புகழ்வதுபோல் இகழ்ந்து, இகழ்வதுபோல் புகழ்ந்து வந்தார் அந்த மூதாட்டி. புத்தூர் கட்டோடு கயிற்றுக் கட்டிலில் கிடந்த நண்பனைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு அந்தப் பட்டறை நினைவே வரும்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மழைநாளில், தொலைக்காட்சியில் ‘என்டர் தி டிராகன்’ வந்தது. அவன் வீட்டில் அமர்ந்து பார்த்தோம். நம் கண் வழக்கம்போல் புரூஸ் லீயை விட்டு அகலவில்லை. நிலவறையில் காவலாட்கள் கூட்டங்கூட்டமாக வந்து விழும் காட்சி. நண்பன் நம் தோளைத் தட்டினான்.

“அவனையே பாக்காதடா. கீழ உளுறானே, அவனப் பாரு.”

பார்த்தோம். ஒருவன் தலைமயிரைப் பற்றிய லீ அவன் கழுத்தை முறிக்கிறான். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிறது. அந்தக் கழுத்துக்குரியவர் பின்னாளில் உலகறிந்த ஜாக்கி சான். அன்று இளம் துணைக் கலைஞர். படத்தின் தொடக்கத்தில் லீயோடு மோதி மண்ணைக் கவ்வும் பருத்த இளைஞர் சாம்மோ ஹங். இருவரும் ஒரே சீனக் கூத்துப் பள்ளியில் பிள்ளைப் பருவத்திலேயே சேர்க்கப்பட்டு, தலைகீழாக நின்றும் கரணமிட்டும் வளர்ந்தவர்கள். அதே பள்ளியில் பயின்ற யுவன் வா என்பவரும் இந்தப் படத்தில் இருக்கிறார். அவரைத் தேடினால் கிடைக்கமாட்டார். ஏனென்றால் லீ பின்புறமாகக் கரணமடித்து உதைக்கும் நொடிகளில், லீயின் உடையில் இருப்பவர் அவர்தான்.

புரூஸ் லீக்கே மாற்றாளா என்று வாசகர் முகம் சுளிக்க வேண்டியதில்லை. உதை அவருடையது, குத்து அவருடையது, கையின் வேகமும் அவருடையது; கரணம் மட்டும் கூத்துப் பிள்ளையுடையது. அது அவர் பழகிய கலையன்று. ஆகவே பழகியவரிடம் கொடுத்தார். நண்பன் இதைச் சொன்னபோது அவன் குரலில் குறைகூறல் இல்லை. ஒரே தொழில் பார்க்கிறவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்ளும் நிறைவு இருந்தது. திரும்பவும் அந்த நிலவறைக் காட்சியைப் பார்த்தோம். ஒருவன் நீரில் விழுகிறான். ஒருவன் கம்பிமேல் மடிகிறான். வேறொருவன் அடி படுவதற்கு அரைக்கணம் முன்பே விழத் தொடங்கிவிட்டான். “இவன் புதுசு” என்றான் நண்பன். முப்பது பேர் முறையாக விழவில்லையென்றால் ஒருவர் முறையாக நின்றதாக நமக்குத் தெரியாது. அந்த மெய் ஒருவர் உடலில் மட்டும் இருக்கவில்லை.

தருமபுரியின் அரசு அருங்காட்சியகத்துக்குப் போனவர்கள் நடுகற்களைப் பார்த்திருப்பார்கள். இந்த மாவட்டத்தின் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் புதர் நடுவிலும் இன்னும் பல நிற்கின்றன. பல்லவர் காலத்துக் கற்களில் வட்டெழுத்தில் செய்தி இருக்கும்: இன்ன அரசனின் இன்ன ஆண்டில், இன்ன ஊர் மாடுகளைக் கவர வந்தபோது, அல்லது மீட்கப் போனபோது, இன்னான் பட்டான், அவனுக்கான கல் இது. புலியோடு பொருது இறந்தவனுக்கும் கல் உண்டு. ஒரு கையில் வில்லும் மறு கையில் வாளும் ஏந்திக் காலை அகட்டி நிற்கும் அந்த வீரனை உற்றுப் பார்த்தால், உடலில் அம்புகள் தைத்திருப்பதைச் சில கற்களில் காணலாம். கல் எடுத்தது வென்றவனுக்கன்று, பட்டவனுக்கு. படையை நடத்திய அரசனுக்கு அந்தக் கல்லில் இடம் ஒரு வரி, அதுவும் ஆண்டுக் கணக்குக்காக. படுகளத்தன்று மண்ணால் துரியோதனனை மல்லாத்தி வைத்து ஊரே சுற்றி நிற்கும் நம் பாரதக் கூத்திலும் நடுவில் கிடப்பவன் விழுந்தவனே. அந்த மண்ணைக் கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்களும் இருக்கிறார்கள்.

இப்படி ஒரு நாட்டில் இருந்துகொண்டு, படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது அதிலும் நண்பன் பெயர் வராததை நாம் பலமுறை கவனித்திருக்கிறோம். பயிற்சியாளரின் பெயர் வரும். விழுந்தவர்களுக்குப் பெரும்பாலும் ‘மற்றும் குழுவினர்’ என்ற இரு சொற்களே வரும். இந்திய அரசின் தேசிய விருதுகளில் சண்டை அமைப்புக்கென்று ஒரு விருது 2017இல்தான் முதன்முதலாக அறிவிக்கப்பட்டது. ‘புலிமுருகன்’ படத்துக்காகப் பீட்டர் ஹெயின் பெற்றார். ஆஸ்கார் குழு அதற்கும் பிந்தி, 2025 ஏப்ரலில்தான் தன் பட்டியலில் அந்தக் கலையைச் சேர்த்தது. 2027ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் விருது. இவையும் விழுபவர்களுக்கன்று, அமைப்பவர்களுக்கே. ஆயினும் ஒரு கதவு திறந்ததே என்று மகிழலாம் என்றிருந்தபோது, அதே 2025 ஜூலையில், நாகப்பட்டினம் மாவட்டத்தில் நடந்த படப்பிடிப்பில், கார் பாய்ந்து கவிழும் காட்சியில் அனுபவம் மிக்க சண்டைக் கலைஞர் ஒருவர் உயிரிழந்தார். அந்தச் செய்தி வந்த மாலை நண்பன் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்தான். நாமும் பேசவில்லை.

அவன் இப்போது தன் ஊரில் பிள்ளைகளுக்குச் சிலம்பம் கற்றுக்கொடுக்கிறான். கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகள் 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்தபோது சிலம்பமும் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அதன்பின் பெண்பிள்ளைகளின் பெற்றோர் தாமாகவே தேடி வருகிறார்கள் என்கிறான். ‘என்டர் தி டிராகன்’ படத்தில் லீயின் உடன்பிறந்தாளாக வந்து, துரத்தும் ஆடவர் கூட்டத்தைத் தனியொருத்தியாக எதிர்த்து நிற்கும் ஏஞ்சலா மாவோவின் காட்சியை அந்தப் பெண்பிள்ளைகளுக்குக் கைப்பேசியில் காட்டியிருக்கிறான். முடிவை மட்டும் காட்டவில்லையாம்.

மாலை ஐந்து மணிக்குப் போனால் பார்க்கலாம். ஏரிக்கரை ஓரமாக ஒரு மேட்டு நிலம். நொண்டிக்கொண்டே நடுவில் நிற்பான். புதிதாக வரும் பிள்ளைக்கு அவன் உடனே கம்பைக் கொடுப்பதில்லை. முதல் இரண்டு வாரம் விழவேண்டும். முன்புறம், பின்புறம், இரு பக்கம். “தாடைய நெஞ்சுல வை கண்ணு. கைய ஊணாத. சத்தம் வரணும்.” பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி நாற்பது தடவை விழுந்து எழுந்து, முடியில் மண்ணோடு, இன்னும் எத்தனை மாமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். தரை கெட்டி; மெத்தை இரண்டுதான் இருக்கிறது, அவற்றிலும் ஒன்று கிழிந்துவிட்டது. வைக்கோல் நான்கு கட்டு கிடைத்தால் சாக்கில் திணித்துத் தைத்துக்கொள்கிறேன் என்கிறான். இந்த அறுவடைக்கு நம் பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறோம். பாலக்கோட்டுச் சந்தைக்குத் தக்காளி ஏற்றிக்கொண்டு போகும் வண்டியில் இடம் இருந்தால் அந்த வாரமே போய்ச் சேர்ந்துவிடும்.